தம்பிக்கு, அந்த டீ மாஸ்டர் கேட்ட கேள்வியப் பத்தி

டேய் தம்பி,

வாட்ஸ்அப்ல நாலு வாய்ஸ் போட்டேன், ஒண்ணக்கூட நீ தொறக்கல. அதான் இங்க எழுதுறேன். இங்க வந்து நீ படிக்கிறன்னு எனக்குத் தெரியும், போன மாசம் நான் எழுதுன அயிரமீன் குழம்ப வைக்கச் சொல்லி சித்திய நச்சரிச்சியாம்ல, சித்தி சொல்லிருச்சு. பயப்படாத, ஒன் பேரும் போடல, கம்பெனி பேரும் போடல. திருப்பூர் பனியன் கம்பெனில தம்பி இருக்குற அக்கா மதுரைல ஆயிரம் பேரு இருக்காளுக, யாரு கண்டுபிடிக்கப் போறா.

அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நடந்தது எனக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? ஒன் மூலமா வரல. ஊர்க்காரன் ஒருத்தன் பாத்துட்டு வந்து "தம்பி இப்பல்லாம் பகல்லயே ஏத்திக்கிறாப்ல போல, தூண்ல சாஞ்சு ஒளறிக்கிட்டு கிடந்தாப்ல"ன்னு சித்திகிட்ட சொல்லிருக்கான். சித்தி அழுதுகிட்டே எனக்கு போன் பண்ணுச்சு. பீரு வாடையே ஆகாம அண்ணன் கல்யாணத்துல மொட்ட மாடிய விட்டு இறங்கி வந்தவன் நீ, ஒன்னப் போயி. நான் சித்திகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், வேர்த்துருந்துச்சாமான்னு. சட்டை முழுக்க நனைஞ்சிருந்துச்சாம். அப்பவே தெரிஞ்சிருச்சு எனக்கு, லோ சுகர்னு, ரத்தத்துல சுகரு ரொம்ப எறங்கிருச்சுன்னு.

அப்புறம் ஒன்னப் புடிச்சு மெரட்டுனதுக்கு அப்புறம்தான் முழுக் கதையும் வந்துச்சு. எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரம், ஒன்றரை ஷிப்ட், காலைல ஒரு டீயோட சுகர எறக்குற அந்த கிளிமிபிரைடு மாத்திரையப் போட்டுட்டு போயிட்ட, மத்தியானம் லைன விட்டு எந்திரிக்க முடியல, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டு ஊருக்கு கெளம்புனவன் பஸ் ஸ்டாண்டுல கை நடுங்கி, கண்ணு இருட்டி, பேச்சு கொழறி ஒக்காந்துட்ட. எத்தன பேரு சுத்திப் போனாங்க? ஒருத்தன் காலால தள்ளிப் பாத்தான்னு சொன்னியே, அத நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது. கடைசில அந்த டீக்கடைக்காரர் மட்டும் வந்து குனிஞ்சு "என்னப்பா, சுகரா?"ன்னு கேட்டாருல்ல. அவரு அம்மாவுக்கும் இருக்காம், அதுனால மூஞ்சியப் பாத்ததும் புரிஞ்சிருக்கு. சீனியக் கரைச்சு ஊத்திக் குடுத்தாரு, பத்து பதினஞ்சு நிமிஷத்துல நீ பழையபடி மனுசனா ஆயிட்ட. அவருக்கு காசு குடுத்தியான்னு கேட்டேன், மறந்துட்டேங்கற. அடுத்த தடவ போறப்ப ஒரு கிலோ சீனியாவது வாங்கிக் குடுடா.

அவரு டீக்கடைல இல்லாம அன்னைக்கு லீவு போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நீ யோசிச்சியா? கம்பெனில ஒருத்தனுக்கும் தெரியாது, ரூம்ல கூடத் தங்கியிருக்கறவனுக்கும் தெரியாது. ஏன் சொல்லலன்னா, பொண்ணு பாத்துட்டு இருக்காங்களாம், வெளிய தெரிஞ்சா வரன் தட்டிப் போயிருமாம். இது ஒன் யோசனையா சித்தி யோசனையான்னு நான் கேக்கல, ரெண்டு பேருமே சேந்துதான் பண்ணிருப்பீங்க.

எனக்கு இது 2013ல வந்துச்சு. நானும் ரெண்டு வருஷம் யாருகிட்டயும் சொல்லல. தையக்கடை வச்சிருக்கோம், "அவளுக்கு சுகராம், கண்ணு தெரியாதாம், பிளவுஸ் அளவ மாத்திருவா"ன்னு எவளாவது கெளப்பி விட்டுருவாளோன்னு பயம். கஸ்டமர் வீட்டு கல்யாணம் ஒண்ணு விடாம கூப்பிடுவாங்க, இலைல ஜாங்கிரி வச்சா வேணாம்னு சொல்லணும், வேணாம்னா ஏன்னு கேப்பாங்க, ஏன்னு கேட்டா சொல்லணும், அதுக்கு பேசாம தின்னே போயிரலாம்னு தின்னுட்டு வந்து ராத்திரி எட்டு தடவ எந்திரிச்சு பாத்ரூம் போவேன். ஒரு ஜாங்கிரிக்கு பதில் சொல்லத் தைரியம் இல்லாம ரெண்டு வருஷம் ஒடம்பக் கெடுத்துக்கிட்டேன். அந்த முட்டாத்தனத்த நீ புதுசா ஆரம்பிக்க வேணாம்.

என்னய மாத்துனது டாக்டர் இல்ல, டாக்டருக்கு ஏது நேரம், வெளிய நாப்பது பேரு டோக்கன் வச்சு ஒக்காந்திருப்பாங்க. மாத்துனது எங்க தெப்பக்குளம் கேங்குதான். வண்டியூர் தெப்பக்குளத்த சுத்தி சாயங்காலம் நடக்க ஆரம்பிச்சேன், மொதல்ல தனியாத்தான் நடந்தேன். ஒரு நாள் லேசா தலை சுத்தி படிக்கட்டுல ஒக்காந்தப்ப ஒரு டீச்சரம்மா பக்கத்துல வந்து ஒக்காந்து, ஒண்ணுமே கேக்காம பைலருந்து தேன்மிட்டாய் எடுத்து நீட்டுனாங்க. "எனக்கும் உண்டு"ன்னாங்க. அவ்ளோதான், அன்னைக்குத்தான் எனக்கு பேச்சே வந்துச்சு. இப்ப அஞ்சு பேரு. ரிட்டயர்டு கண்டக்டர் அண்ணன், பூக்கார அக்கா, டீச்சரம்மா, நான், அப்புறம் ஒரு காலேஜ் பொண்ணு. அதுக்கு சின்ன வயசுலயே வந்த டைப் 1, பத்து வயசுலருந்து ஊசி போடுது, எங்க எல்லாத்தையும் விட அதுக்குத்தான் விஷயம் தெரியும், எங்களுக்கு அதுதான் வாத்தியாரு.

பூக்கார அக்கா கதைய சொல்றேன் கேளு. விடிய மூணு மணிக்கு எந்திரிச்சு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு போற ஆளு, எப்ப சாப்பாடு எப்ப தூக்கம்னு ஒரு கணக்கு கிடையாது. வீட்ல பிரிட்ஜ் இல்ல. இன்சுலின் பாட்டில எங்க வைக்கும்னு நெனைக்கிற? ஒரு மண்சட்டில மணலக் கொட்டி தண்ணிய ஊத்தி நனைச்சு அதுக்கு நடுவுல ஒரு சின்னக் கலயம், அதுக்குள்ள பாட்டிலு. மல்லிகைப்பூவ வாடாம வைக்கத் தெரிஞ்சவளுக்கு இது பெரிய விஷயமாங்குது. அந்த அக்காவுக்கு ஒரு தடவ பத்து நாளா சுகரு எறங்கவே மாட்டேன்னுச்சு, 300க்கு மேலயே நிக்குது, ஊசியும் தவறாம போடுது, வாயும் கட்டுது, அழுகையா வருதுங்குது. டீச்சரம்மா ஊசிய எடுத்துட்டு வரச் சொல்லிப் பாத்தா மூடி ஆரஞ்சு கலரு. அக்காவோட பாட்டில் மருந்து ஒரு மில்லிக்கு 40 யூனிட்டு, அதுக்கு செவப்பு மூடி ஊசி போடணும். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு உள்ளது. மெடிக்கல்ல எதையோ எடுத்துக் குடுத்துட்டாங்க, இதும் கோடு பாத்து 20ன்னு இழுத்துருக்கு, ஆனா உள்ள போனது 8 யூனிட்டுதான். யோசிச்சுப் பாரு, அந்த மூடி கலர நாலு பேரு நடுவுல காட்டலன்னா அக்கா இன்னும் எத்தன நாளு தன் வாயத்தான் குத்தம் சொல்லிட்டு இருந்திருக்கும்.

கண்டக்டர் அண்ணன் கதை வேற. நடந்து வந்துட்டே இருந்தாரு, பின்னாடி வந்த காலேஜ் பொண்ணு "அங்கிள் ஒங்க செருப்பு"ன்னு கத்துது, திரும்பிப் பாத்தா ஒரு செருப்பு முப்பதடி தள்ளிக் கெடக்கு. கழண்டதே அவருக்கு தெரியல. கால் மரத்துப் போயிருக்குன்னு அவருக்கே அன்னைக்குத்தான் தெரியும். அதுக்கப்புறமும் கேக்காம சித்திரை மாசம் மத்தியான வெயில்ல கோயில் பிரகாரத்த வெறுங்காலோட சுத்திருக்காரு, வீட்டுக்கு வந்து பாத்தா உள்ளங்கால் பூராம் கொப்புளம், ஆற மூணு மாசம் ஆச்சு. ஒங்க பெரியப்பாவுக்கு, எங்கப்பாவுக்கு, கால் எப்படிப் போச்சுன்னு நீ சின்னப் பையனா பாத்தவன், அத நான் இங்க எழுத வேண்டியதில்ல. ராத்திரி படுக்கப் போறப்ப ஒரு கண்ணாடிய வச்சு உள்ளங்காலப் பாரு, அவ்ளோதான். கோயிலுக்கு வேணா விடிய போ, சாமி எங்கயும் போயிராது.

நான் மட்டும் என்ன பெரிய அறிவாளியா. ஒரு தடவ வெரல்ல குத்தி மிஷின்ல சுகர் பாத்தா 340. அலறி அடிச்சு டீச்சரம்மாவுக்கு போன் போட்டேன், "கை கழுவுனியா"ன்னாங்க. மாம்பழம் வெட்டுன கையி. கழுவித் தொடச்சுட்டுக் குத்துனா 162. ஒரு ஸ்ட்ரிப்பு என்ன வெல விக்குது, ரெண்டு வீணாப் போச்சேன்னு ஒங்க மாமா வேற ஒரு பக்கம். அதே மாதிரி கேப்பக்கூழு குடிச்சா சுகரே ஏறாதுன்னு நம்பி சொம்பு சொம்பா குடிச்சேன், கூழாக் கரைச்சா அதும் சர்ருன்னு ஏறும்னு மிஷின்ல பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். கருப்பட்டிக் காப்பியும் அதேதான்டா. கருப்பா இருந்தா சீனி இல்லன்னு ஆயிருமா? சித்திகிட்டயும் சொல்லு.

ஒனக்கு 9.4ன்னு வந்துச்சே ஹெச்பிஏ1சி, டெஸ்டுக்கு மூணு நாளைக்கு முன்னாடி பட்டினி கிடந்து அத ஏமாத்த முடியாது. ரத்தத்துல உள்ள செவப்பணு 120 நாள் வரைக்கும் இருக்கும், அதுல எவ்ளோ சீனி ஒட்டிருக்குன்னுதான் அது பாக்குது, அதாவது ரெண்டு மூணு மாசமா நீ என்ன தின்னன்னு அதுக்குத் தெரியும். பயமுறுத்தல, எனக்கு 11.2ல ஆரம்பிச்சுது. இப்ப 7.1. நடுவுல ரெண்டு தீவாளிக்கு 8க்கு மேல போயிட்டு வந்துச்சு, அதும் கணக்குல உண்டு.

மூணு வருஷமா நான் ஊசில இருக்கேன். அதக் கேட்டுட்டு "கடைசி ஸ்டேஜாக்கா"ன்னு கேட்டல்ல நீ, அன்னைக்கு கோவம் வந்துச்சு, பதில் சொல்லல. டீச்சரம்மா ஒரு நாள் சொன்னாங்க, 1922 ஜனவரில கனடாவுல லியோனார்ட் தாம்சன்னு 14 வயசுப் பையன் எலும்பும் தோலுமா சாகக் கெடந்தானாம், அவனுக்குத்தான் மொத மொதல்ல இன்சுலின் ஊசி போட்டாங்க, அதுக்கப்புறம் 13 வருஷம் இருந்தானாம். அதுக்கு முந்தி டைப் 1 வந்த புள்ளைக்கு பட்டினி போடுறதுதான் வைத்தியம். நம்ம காலேஜ் பொண்ணு அதக் கேட்டுட்டு ஒண்ணும் பேசல, அந்த ரவுண்டு பூராம் பேசாம நடந்துச்சு. அதுனால கடைசி ஸ்டேஜுன்னு சொல்லாத, அது கேட்டா சங்கடப்படும்.

சரி இப்ப ஒன் விஷயத்துக்கு வர்றேன். நாளைக்கே டாக்டரப் பாத்து, ஷிப்ட்டு இப்படி, சாப்பாடு நேரம் இப்படின்னு உள்ளத உள்ளபடி சொல்லு. நேரத்துக்கு சாப்பிட முடியாதவனுக்கு எந்த மாத்திரை தோதுப்படும்னு அவரு பாத்து மாத்துவாரு, நீயா நிறுத்தாத, நீயா கூட்டாத. சட்டைப்பைல குளுக்கோஸ் பொடி, இல்லன்னா தேன்மிட்டாய். சாக்லெட் வேணாம், அதுல கொழுப்பு இருக்கு, மெதுவாத்தான் வேல செய்யும். நடுக்கம் வந்தா குத்திப் பாரு, 70க்கு கீழன்னா மூணு ஸ்பூன் சீனி தண்ணில கலக்கிக் குடி, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்து, ஏறலன்னா மறுபடி குடி, ஏறுனதும் உக்காந்து சாப்பிடு. மிஷின் கைல இல்லன்னா குத்தறதுக்காக காத்துக்கிட்டு இருக்காத, மொதல்ல சீனி.

இதெல்லாம் ஒனக்கு நெனவு இருக்குற வரைக்கும்தான். நெனவு போயிட்டா செய்ய வேண்டியவன் பக்கத்துல இருக்கறவன். அவனுக்குத்தான் நீ சொல்லவே இல்லையே. ரூம்மேட்டுகிட்ட சொல்லு, "நான் ஒளறுனா, காரணமில்லாம கத்துனா, வேர்த்துக் கொட்டுனா சீனித்தண்ணி குடு, மயங்கிட்டா வாயில ஒண்ணும் ஊத்தாத, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு 108க்கு போன் பண்ணு"ன்னு. இவ்ளோதான் சொல்லணும், ரெண்டு நிமிஷம். கம்பெனில சூப்பர்வைசர்கிட்டயும். அவமானம்னு நெனைக்காத, 2023ல ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், வெளியிட்ட கணக்குல நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சுகரு, தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல நூத்துக்கு 14 பேரு. ஒன் செக்‌ஷன்லயே நாலஞ்சு பேரு ஒன்ன மாதிரியே மாத்திரைய டிபன் பாக்ஸுக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு இருப்பான், ஒருத்தன் வாயத் தொறந்தா மத்தவனும் தொறப்பான்.

பொண்ணு விஷயம். இதுல நான் சித்தி பக்கம் இல்ல, அத அதுகிட்டயே சொல்லிட்டேன், அதுனால இப்ப என்கூட சரியாப் பேசுறதில்ல. ஜாதகத்துல செவ்வாய் எங்க நிக்குதுன்னு நாலு ஜோசியர்கிட்ட கேக்குற வீட்ல, மாப்பிள்ளை தினமும் போடுற மாத்திரைய சொல்லாம மறைச்சா அதுக்கு என்ன பேரு? கல்யாணம் முடிஞ்சு மூணாவது நாளு அந்தப் பொண்ணு பீரோவத் தொறந்து மாத்திரை அட்டையப் பாத்துட்டு நின்னா நீ என்ன சொல்லுவ? தரகர்கிட்ட சொல்ல வேணாம், மாமன் மச்சான்கிட்ட வேணாம், அந்தப் பொண்ணுகிட்ட நேரா நீயே சொல்லு. வேணாம்னு போச்சுன்னா போகட்டும், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா ராத்திரி மூணு மணிக்கு வேர்க்குதான்னு பாக்க ஒரு கை வேணும்டா. ஒங்க மாமாவுக்கு வேற எந்த விஷயத்துலயும் பொறுப்பு கிடையாது, கரண்டு பில்லு கட்டுறதுக்கு பத்து தடவ சொல்லணும், ஆனா பாதித் தூக்கத்துல என் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுத்தான் திரும்பிப் படுக்கும். போன ஆடில ஒரு தடவ அந்தக் கைதான் என்னய எழுப்பி விட்டுச்சு, குத்திப் பாத்தா 54.

ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றல்ல. மிஷின எடுத்துட்டு வா, ஸ்ட்ரிப்பு டப்பால தேதி முடிஞ்சிருச்சான்னு பாத்துக்க. கேங்குல ஒன்னப் பத்தி சொல்லிருக்கேன், திட்டாத, பேர் சொல்லல, "என் தம்பி"ன்னுதான் சொன்னேன். கண்டக்டர் அண்ணன் கேட்ட மொதக் கேள்வியே "டீக்கடைக்காரருக்கு காசு குடுத்தாப்லயா"ன்னுதான். சாயங்காலம் அஞ்சரைக்கு தெப்பக்குளம் வடக்குப் படிக்கட்டு, பூக்கார அக்கா சுண்டல் கொண்டாருது, ஷூ போட்டுட்டு வா, அந்த ரப்பர் செருப்போட வந்தன்னா திருப்பி அனுப்பிருவேன்.

இப்படிக்கு
ஒங்க அக்கா