விதானையாரையும் பரியாரியாரையும் ஒருவராக்காதீர்கள்

எங்கள் ஊர் வம்சாவளித் தொகுப்புக் குழுவில் இருக்கும் ஐயாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னம் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த அவசரத்தில், இவ்வளவு காலமும் இழுபட்ட ஒரு விஷயத்தைக் கைதூக்கச் சொல்லித் தீர்த்திருக்கிறீர்கள். ஒரே பெயரில் வரும் விதானையாரும் (ஊர்த் தலைமைக்காரர்) பரியாரியாரும் (நாட்டு வைத்தியர்) ஒரே ஆள்தானாம், இரண்டு கிளையும் அவரிலிருந்துதான் பிரிகிறதாம். பூட்டன் ஒருவரா இருவரா என்பதை ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வாக்குப் போட்டு முடிவெடுக்கிற வேலையை இப்போதுதான் பார்க்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் முதலெழுத்தாகும், அப்பப்பாவின் பெயர் பேரப்பிள்ளைக்குப் போகும். அண்ணனும் தம்பியும் தங்கள் தகப்பனின் பெயரை மூத்த மகன்மாருக்கு வைத்தால், ஒரே குளத்தடியில் ஒரே பெயரில் இரண்டு பேர் வளருவார்கள். ஊர்ச்சனம் அவர்களைத் தொழிலைச் சொல்லிப் பிரித்து அழைத்தது. விதானையார் கதிரையில் இருந்தபடி வைத்தியமும் பார்த்தார் என்று இப்போது சொல்கிறவர்கள், சனம் ஏன் இரண்டு பட்டம் வைத்தது என்பதற்குப் பதில் சொல்லவில்லை.

சரி, கையில் இருக்கும் கடதாசிகளைப் பார்ப்போம். முதலாவது 1911ஆம் ஆண்டுச் சீதன உறுதி. மூத்த மகளுக்கு வயல் எழுதிக் கொடுப்பது தாயும் தமையனும். தகப்பன் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று உறுதி முடித்த நொத்தாரிசு எழுதியிருக்கிறார். இரண்டாவது, செத்தவீட்டு நினைவாக அச்சடிக்கும் பழைய கல்வெட்டுப் புத்தகமொன்றில், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா. அதே பெயர், ஆங்கிரச வருடம், ஆவணி, அபரபக்கம் (தேய்பிறை). இரண்டையும் ஒரே ஆளின் கணக்கில் போட்டிருக்கிறீர்கள்.

தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆங்கிரச ஆவணி என்றால் 1932 ஆக இருக்கலாம், 1872 ஆகவும் இருக்கலாம். 1932 என்றால், 1911இல் காலஞ்சென்றவர் இன்னும் இருபத்தொரு வருடம் உயிரோடு இருந்திருக்கிறார். 1872 என்றால், தகப்பன் சாகும்போது வயிற்றில் இருந்த பிள்ளை என்று வைத்துக்கொண்டாலும் அந்த மகளுக்குச் சீதனம் எழுதும்போது 37, 38 வயது. அந்தக் காலத்தில் ஒரு மூத்த பெட்டையை அவ்வளவு காலம் வீட்டில் வைத்திருந்தார்களா? எந்தப் பக்கம் திருப்பினாலும் உறுதியில் இருப்பவர் வேறு, வெண்பாவில் இருப்பவர் வேறு.

எதிராகக் காட்டப்பட்டது ஒரு பேரப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் கேட்கும் கூடு அதில் இருக்கிறது. பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிந்திய காலத்துக் கேள்வி அது. பதிவாளருக்கு முன்னால் நின்றவர் வாயில் வந்த ஒரு வருடத்தைச் சொல்லியிருப்பார். பேரப்பிள்ளை பிறந்த நாளுக்கு அந்தச் சான்றிதழ் நல்ல சாட்சி, பாட்டன் பிறந்த ஆண்டுக்கு அவ்வளவு நல்ல சாட்சி இல்லை. போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்த சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மற்றது மரபணுச் சோதனை. இரண்டு கிளைப் பிள்ளைகளுக்கும் பொருத்தம் வந்திருக்கிறது என்கிறீர்கள். வராமல் இருந்தால்தான் அதிசயம். மச்சானும் மச்சாளும் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்த ஊர் எங்களது. அப்படியான இடத்தில் இரண்டு பேருக்கும் பொதுவான மரபணுப் பங்கு கூடத்தான் காட்டும், தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தமாகத் தெரியும். ஆண்வழிச் சோதனையும் உதவாது. இரண்டு பேரும் அண்ணன் தம்பி மக்களென்றால் அந்த வழி இருவருக்கும் ஒன்றுதானே.

ஒருவரும் வெளியில் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. விதானையாரின் பூட்டப்பிள்ளை என்பதில் ஒரு கெத்து. கோயில் உபயத்தில் யாருக்கு முதல் உரிமை, குளத்துக்குக் கீழ் இருக்கிற காணி யாருடைய முதுசம், யார் என்ன சாதி, இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளை எங்கே எழுதுவது என்பதெல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. வம்சாவளிப் புத்தகம் உறுதி இல்லை. அதைக் காட்டி யாரும் காணி கேட்க முடியாது என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

பெரிய ஆட்களின் கதையிலும் இதுதான் நடக்கிறது. கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் நாட்டிய கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னி அரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றுதான் சொன்னது. கொன்றார் என்று அதில் இல்லை. ஆனாலும் அந்த நாளையே அவர் இறந்த நாளாக எழுதிவிடுகிறோம்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அச்சில் இரண்டு பேரையும் இரண்டு பேராகவே விடுங்கள். சந்தேகமுள்ள கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டு, எந்தக் கடதாசியை வைத்து இழுத்தோம் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். கணினியிலும் இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்க வேண்டாம். தனித்தனியாக இருப்பதைப் பிறகு சேர்ப்பது ஒரு நிமிட வேலை. சேர்த்தபின் எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்கு என்று பிரித்தெடுக்க எங்கள் ஆச்சிமாரே எழும்பி வரவேண்டும். தாய்மாரின் பெயரை விட்டுவிட்டு ஆம்பிளைகளை மட்டும் அடுக்கியதால்தானே இந்தக் குழப்பமே வந்தது. சீதன உறுதிகளில் அவர்களின் பெயர் இருக்கிறது, மரண அறிவித்தல்களில் ‘காலஞ்சென்றவர்களான’ என்று தொடங்கும் வரியிலும் இருக்கிறது.

தேட இன்னும் இடம் இருக்கிறது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல்தான், கிளிநொச்சி 1984இல். அதற்கு முந்திய எங்கள் கடதாசிகளை வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தேடவேண்டும். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், ஆகவே வீட்டுப் பிரதி முள்ளிவாய்க்காலில் தொலைந்தது என்பதோடு கதை முடியவில்லை. அயல் காணிகளின் உறுதிகளில் எல்லை சொல்லும் பகுதியைப் பாருங்கள். வடக்கில் யாருடைய காணி, கிழக்கில் யாருடைய காணி என்று வரும் இடத்தில், தகப்பன் பெயரோடு எங்கள் ஆள் நிற்கக்கூடும். 1911க்குப் பிறகு அந்தப் பெயர் உயிரோடு இருக்கும் காணிக்காரனாக வந்தால் அது வெண்பாவில் இருப்பவராக இருக்கக்கூடும்.

வவுனியாவில் இருக்கும் தம்பிமார் யாராவது ஒருநாள் லீவு போட்டால் நானும் கூட வருகிறேன். தேடுதல் கட்டணம் என்னுடையது. அதுவரை அந்தப் பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டாம். மறுப்பு உள்ளவர்கள் உறுதியையோ கல்வெட்டையோ படம் எடுத்து அதோடு எழுதுங்கள்.