பள்ளத்தில் கிடந்த கூலியாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ‘கடவுள் இல்லையேல் அறம் ஏது?’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தலையாட்டிக்கொண்டே படித்தேன். இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்தேன். நான் நாத்திகன் அல்ல. காலையில் திருநீறு பூசாமல் காப்பி குடித்தது கிடையாது. அப்படிப்பட்ட ஒருவன்தான் மறுத்து எழுதுகிறான் என்பதைக் கட்டுரையாளர் மனதில் கொள்ள வேண்டும்.

அவருடைய வாதம் சுருக்கமாக இது. கடவுள் இல்லை என்றால், யார் எப்படி நினைத்தாலும் மாறாத நன்மை தீமை என்று எதுவும் இருக்க முடியாது. ஆனால் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பச்சைக் குழந்தையை வதைப்பது, ஊரே கூடிச் சரி என்றாலும், தவறுதான். ஆகவே கடவுள் இருக்கிறார். அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் லேன் கிரேக் மேடைதோறும் முன்வைக்கும் வடிவம் இது. தருக்கத்தில் ஓட்டை இல்லை. இரண்டாவது படியையும் நான் மனமார ஏற்கிறேன். என் தகராறு முதல் படியோடு. அதை நிறுவாமல், ‘இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை’ என்று ஒரே தாவாகத் தாவிவிட்டார்.

தாவும்போது இரண்டு பெரியவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் இருவருமே அதற்கு இசைய மாட்டார்கள். கடவுள் இல்லையென்றால் எதையும் செய்யலாம் என்பது ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் முடிவு அல்ல. 1880இல் முடிந்த ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இவான் என்ற பாத்திரம் தூக்கிச் சுமக்கும் எண்ணம். அதை அவன் வாயால் கேட்ட வேலைக்காரன் கொலை செய்கிறான், இவான் புத்தி பேதலிக்கிறான். ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட்டைத் துணைக்கு இழுத்ததோ இன்னும் மோசம். 1788இல் எழுதிய நூலில் அவர் சொன்னது, அறம் பகுத்தறிவின் கட்டளை, அது கட்டுப்படுத்தக் கடவுளின் ஆணை தேவையில்லை என்பதுதான். நல்லவர்களுக்கு நல்வாழ்வு என்றாவது கூடிவர வேண்டுமே, அந்த நம்பிக்கைக்கு மட்டும் கடவுளை ஏற்கிறார். அவரைப் பிடித்துவந்து அறத்தைக் கடவுளிடம் கடன் வாங்கியவராகக் காட்டுவது நியாயமில்லை.

பிளேட்டோவின் ‘எதிபிரோ’ உரையாடலைக் கட்டுரை ஒரு வரியில் தொட்டுவிட்டு நகர்ந்தது. கடவுளர் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் கடவுளர் விரும்புகிறார்களா என்ற கேள்வி பலருக்கும் தெரியும். அது எந்த வழக்கில் பிறந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. நாக்சோஸ் தீவில் எதிபிரோ குடும்பத்துக்கு விவசாயம் இருந்தது. அங்கே கூலிக்கு இருந்த ஒருவன் குடிவெறியில் வீட்டு அடிமை ஒருவனைக் கொன்றுவிட்டான். எதிபிரோவின் தந்தை அந்தக் கூலியாளைக் கையும் காலும் கட்டிப் பள்ளத்தில் தள்ளினார். இவனை என்ன செய்வது என்று சமய விதி அறிந்தவரிடம் கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் திரும்புவதற்குள், பசியிலும் குளிரிலும் கட்டுண்டபடியே அவன் செத்துப்போனான். அதற்காகத் தந்தைமீது கொலை வழக்குத் தொடுக்க வந்த மகன்தான் எதிபிரோ.

அந்தத் தந்தை தெய்வத்தை மதிக்காதவர் அல்ல. தெய்வ விதியைக் கேட்டுவரக் கடல் தாண்டி ஆள் அனுப்பியவர். பதில் வரும்வரை பள்ளத்துக்குள் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு போர்வையும் இறக்க யாரைக் கேட்க வேண்டும்? கட்டுரையாளரின் முதல் படி சரியென்றால், அந்தத் தண்ணீர் கொடுக்கத் தக்கதா இல்லையா என்பதும் ஏதென்ஸிலிருந்து வரும் பதிலைப் பொறுத்தது என்றாகிறது. இது கிரேக்கருக்கு மட்டும் வந்த தலைவலியும் அல்ல. இஸ்லாமியச் சிந்தனையில் முஃதஸிலா என்ற பிரிவினர் நன்மை தீமையை அறிவாலேயே அறியலாம் என்றார்கள். அவர்களிடையே இருந்து விலகிவந்த அல் அஷ்அரியின் வழியினர், இறைவன் விதித்ததே நன்மை என்றார்கள்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். என் புத்தி அந்த வழியில்தான் போகும். உரைகல்லில் நகையால் ஒரு கோடு. பக்கத்தில் தரம் தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு. இரண்டின்மீதும் ஒரு சொட்டு அமிலம். பித்தளைக் கோடு பச்சையாகப் பொங்கி மறைந்துவிடும், பொன் கோடு அப்படியே கிடக்கும். இப்போது 916 முத்திரை வந்திருக்கிறது. 2021 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கினார்கள். முத்திரை விழுந்ததால் அந்த வளையலில் ஆயிரத்துக்கு 916 பங்கு பொன் சேரவில்லை. இருந்ததால் முத்திரை விழுந்தது. பித்தளையில் குத்தினால் பித்தளையோடு மோசடியும் சேரும், அவ்வளவுதான்.

இதற்கு அந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது. கட்டுரையாளர் விட்டுவிட்டதால் அவருக்காக நானே சொல்கிறேன். கடவுள் முத்திரை குத்துபவர் அல்ல, அவரே அந்தப் பொன் என்பார்கள். நன்மை அவருடைய ஆணையும் அல்ல, அவருக்கு வெளியே தொங்கும் அளவுகோலும் அல்ல, அவருடைய இயல்பே நன்மை. அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் ஆடம்ஸ் 1999இல் இதைப் பெரிய நூலாகவே விரித்தார். ஆத்திகர் தரப்பில் நான் படித்தவற்றுள் இதுதான் கனமானது. ஆனாலும் உறுத்துகிறது. இறைவனின் இயல்பை நல்லது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கருணை, நீதி, வாய்மை என்று அடுக்குவோம். சரி, அவரிடம் இருப்பதால் கருணை நல்லதா, நல்லது என்பதால் அவரிடம் இருக்கிறதா? கேள்வி வீட்டைக் காலி செய்யவில்லை, அறை மாறி உட்கார்ந்திருக்கிறது.

என் பாட்டி பெரிய புராணக் கதைகள் சொல்வார். சிறுத்தொண்டர் கதையில் அடியவர் வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்கும் இடம் வந்ததும் குரல் இறங்கிவிடும். அந்தப் பகுதியை விறுவிறுவென்று தாண்டி, கறியாகச் சமைக்கப்பட்ட மகன் சீராளன் உயிரோடு ஓடிவரும் இடத்துக்கு வந்த பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்ப்பார். கேட்டது சிவன்தான் என்பதில் அவருக்குக் கடுகளவும் ஐயம் இருந்ததில்லை. பின் ஏன் அந்த அவசரம்?

நாத்திகர்களிலும் சிலர் இந்த முதல் படியைத் தலைமேல் வைத்துக்கொண்டவர்கள்தான். தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1977இல், நம் விருப்பத்தைச் சாராத அறவிழுமியங்கள் இருந்தால் அவை உலகத்தில் வேறெதையும் போலில்லாத விசித்திரப் பொருள்களாக இருக்க வேண்டும், ஆகவே அவை இல்லை என்றார். அவர் இறந்தபின் 1982இல் வந்த நூலில், அப்படிப்பட்டவை இருந்தால் கடவுள் இருப்பதற்கான வாய்ப்பு கூடும் என்றும் ஒப்புக்கொண்டார். எனக்கு அந்த ‘விசித்திரம்’ பிடிபடவில்லை. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பதும் தராசில் வைக்க முடியாததுதான். அதற்குக் கீழே யாருடைய கையெழுத்தையாவது தேடுகிறோமா? காரணம் கேட்டுக்கொண்டே போனால் எங்காவது நிற்கத்தான் வேண்டும். ‘கடவுள் ஏன் நல்லவர் என்று அதற்கு மேல் கேட்காதே’ என்பவர், ‘கொடுமை ஏன் தீது என்று அதற்கு மேல் கேட்காதே’ என்பவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

நம் நாட்டு விவாதங்களுக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம். சமணரும் பௌத்தரும் உலகைப் படைத்த கடவுளை ஏற்காதவர்கள்; கொல்லாமையில் சமணரைவிடக் கறாரானவர் யார்? வேதத்தை உயிராகப் பிடித்த மீமாம்சகர் குமாரில பட்டரே படைப்புக் கடவுளை மறுத்தார். வேதம் யாராலும் இயற்றப்படாதது, தர்மத்துக்கு அதுவே சான்று, நடுவில் கடவுள் எதற்கு என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியில் நியாயம் என்னும் தருக்க மரபின் உதயணர் இருக்கிறார். வினை அறிவற்றது, யாருக்கு எந்தப் பயன் என்று பார்த்துச் சேர்க்க அறிவுள்ள ஒருவன் வேண்டும் என்றார். நம் சைவ சித்தாந்தமும் வினை சடம், ஊட்டுபவன் இறைவன் என்றே சொல்லும். இந்தச் சண்டையைக் கவனித்துப் பாருங்கள்: கணக்கு எழுதிப் பட்டுவாடா செய்பவர் யார் என்பதில்தான் அடிதடி. கொலை தீது என்பதற்கே கணக்கர் வேண்டும் என்று இவர்கள் வாதாடவில்லை.

பட்டுவாடா என்றதும் கட்டுரையின் கடைசிப் பகுதி நினைவுக்கு வருகிறது. தண்டனைப் பயம் போய்விட்டால் யார் ஒழுங்காக இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். இது வேறு கேள்வி. வில்லியம் லேன் கிரேக் கூட நாத்திகரும் நல்லவராக வாழலாம் என்று ஒப்புக்கொண்டுதான் பேசத் தொடங்குவார். இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கொடுப்பவனுக்குப் புறநானூற்றின் 134ஆம் பாட்டில் முடமோசியார் வைத்த பெயர் ‘அறவிலை வணிகன்’. ஆய் வள்ளல் அப்படிப்பட்டவன் அல்லன் என்பதுதான் புகழ்ச்சியே.

தொண்ணூறுகளில் ஒரு ஆடி மாதம். அடகு மீட்க வந்த ஒரு மூதாட்டிக்குப் பையைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் பத்து மணிக்கு முன்பே வாசலில் நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒற்றைத் தோட்டை மேஜைமீது வைத்தார். வேறொருவர் பையிலிருந்து என் கைப்பிசகால் அவர் பையில் விழுந்தது. இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல். யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது, கண்டுபிடித்தாலும் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு நின்றவரிடம், ‘சாமி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பயந்தீர்களா அம்மா?’ என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. ‘இது என்னுடையது இல்லையே, தம்பி’ என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

பின்குறிப்பு: கட்டுரையில் சாக்ரடீஸ் நஞ்சருந்திய ஆண்டு கி.மு. 339 என்று அச்சாகியிருக்கிறது. கி.மு. 399 என்று இருக்க வேண்டும். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர் ஒருவர்,
கும்பகோணம்.