செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: பொதுப் பட்டறையின் ஸ்பிண்டிலும் டிரைவ் வயரிங்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, உறுப்பினர்களே, உடன் வந்திருக்கும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா நிலுவை, வரவு செலவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது, அவர் விவரமாகப் படிப்பார். கொட்டகையின் கூரைத் தகரம் மழைக்கு முன்பே மாற்றப்பட்டது. லேத் வகுப்பும் வெல்டிங் வகுப்பும் போன வருடம் போலவே நடந்தன. அவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஆண்டு நம் நேரத்தையும் உழைப்பையும் வாங்கிக்கொண்ட வேலை ஒன்றுதான்: கம்ப்யூட்டர் சொல்படி மரத்தையும் தகட்டையும் வெட்டும் சி.என்.சி. ரவுட்டருக்குப் புது ஸ்பிண்டில், அதாவது வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார், மாட்டி, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. டிரைவுக்கு வயரிங் செய்தது. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

பழைய ரவுட்டரில் கையால் பிடித்து மரம் செதுக்கும் டிரிம் ரவுட்டர் ஒன்றைக் கிளாம்ப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். கார்பன் பிரஷ் தேயும், சத்தம் காதைத் துளைக்கும், வேகத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்ற வழியே இல்லை. சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் தந்தபடி 2.2 கிலோவாட், 80 மி.மீ. விட்டம், பிட்டைப் பிடிக்கும் ஈ.ஆர்.20 காலெட் கொண்ட தண்ணீர்க் குளிர்ச்சி ஸ்பிண்டில் வாங்கினோம். கூடவே அதே திறனுள்ள ஹுவான்யாங் எச்.ஒய். வரிசை டிரைவ். நம் கொட்டகையில் இருப்பது 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். டிரைவ் அதை வாங்கி உள்ளே டி.சி. ஆக்கி, ஸ்பிண்டிலுக்கு வேண்டிய மூன்று ஃபேஸாக, வேண்டிய அதிர்வெண்ணில் கொடுக்கிறது. இரண்டு போல் (காந்த முனை) மோட்டார் என்பதால் 400 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 24,000 சுற்று.

பெட்டி வந்த அன்றைக்கே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று இளைஞர்களுக்கு ஆசை. நிர்வாகக் குழு சம்மதிக்கவில்லை. எர்த் வேலை முடிந்த பிறகே டிரைவ் பெட்டியைத் திறப்பது என்று முடிவெடுத்தோம். அந்த முடிவு சரியானது என்று இன்றும் உறுதியாகச் சொல்கிறேன். கொட்டகையின் பழைய எர்த் பிட் வறண்டு கிடந்தது. புதுக் குழி வெட்டி, ராடு இறக்கி, அளந்து பார்த்து, அங்கிருந்து பேனலுக்குத் தடித்த செம்பு வயர் இழுத்தோம். டிரைவுக்கென்று, கரண்ட் மிகுந்தால் தானே விழும் தனி எம்.சி.பி. ஸ்விட்ச் வைத்து, மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன் கொண்டுவந்தோம். வீட்டு பிளக் பாயிண்டில் செருகி ஓட்டும் வீடியோக்களை நம் உறுப்பினர்கள் சிலர் காட்டினார்கள். பலர் வந்து கை வைக்கும் பொதுப் பட்டறைக்கு அது ஒத்துவராது.

அடுத்தது ஸ்பிண்டிலைச் சோதிப்பது. இது இரும்புச் சட்டத்தில் ஏறும் முன் மேசையிலேயே செய்ய வேண்டிய வேலை. மூன்று வைண்டிங் முனைகளுக்கும் இடையே மின்தடை ஒரே அளவாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தோம், இருந்தது. பிறகு 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் மெக்கர் மீட்டர் வைத்து வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே இன்சுலேஷன் பார்த்தோம், அதுவும் நன்றாகவே இருந்தது. டிரைவ் இணைந்திருக்கும்போது மெக்கர் வைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் பாகங்கள் போய்விடும். கடைசியாக, தலையில் இருக்கும் நாலு பின் சாக்கெட்டின் நாலாவது பின்னிலிருந்து ஸ்பிண்டில் பாடிக்கு இணைப்பு இருக்கிறதா என்று கன்டினியூட்டி பார்த்தபோது பீப் சத்தம் வரவில்லை. பின் இருக்கிறது, உள்ளே வயரே இல்லை. இந்த வகை ஸ்பிண்டில்களில் இது பரவலாகக் காணப்படும் குறை. வைண்டிங்கில் ஒரு கசிவு வந்தால் ஸ்பிண்டில் பாடி முழுக்க மின்சாரம் நிற்கும், அதைத் தொட்டபடி ஒரு பிள்ளை பிட் மாற்றிக்கொண்டிருக்கும். மூடியைக் கழற்றி, உள்ளே லக் அடித்து, நாலாவது பின்னைப் பாடியோடு சேர்த்த பிறகுதான் அடுத்த படிக்குப் போனோம். சொந்தமாக ஸ்பிண்டில் வாங்கியிருக்கும் உறுப்பினர்கள் வீட்டுக்குப் போனதும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள், தயவுசெய்து.

இனி செட்டிங்குகள். இந்த இடத்தில் கோவை கணபதி பகுதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் நம் மூத்த உறுப்பினருக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. டிரைவ் பெட்டியிலிருந்து வரும்போது அதன் அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். சாதாரண பம்ப் மோட்டாருக்கு அது சரி. நம் ஸ்பிண்டிலுக்கு அதுவே எமன். அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்: "வோல்ட்டை ஹெர்ட்ஸால வகுத்துப் பாருங்க தம்பி. பம்ப் மோட்டாருக்கு 220-ஐ 50-ஆல வகுத்தா 4.4. இதுக்கு 220-ஐ 400-ஆல வகுத்தா 0.55. எட்டு மடங்கு வித்தியாசம். மாத்தாம ஸ்விட்ச் போட்டீங்கன்னா வைண்டிங் என்கிட்டதான் வரும்." அதாவது இந்த ஸ்பிண்டில் 50 ஹெர்ட்ஸில் சுற்றும்போது அதற்குக் கிடைக்க வேண்டியது 27.5 வோல்ட்தான். செட்டிங்கை மாற்றாமல் விட்டால் முழு 220 வோல்ட் போகும், மோட்டாரின் இரும்பில் காந்தம் நிறைவடைந்து கரண்ட் கட்டுக்கடங்காமல் ஏறி வைண்டிங் கருகும். கோவையில் எத்தனையோ பேர் மோட்டார் கட்டுகிறார்கள். ஆனால் இவ்வளவு எளிமையாக இதை விளக்கி நான் கேட்டதில்லை.

ஆகவே ஸ்பிண்டில் வயரை இணைக்கும் முன்பே, டிரைவுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துச் செட்டிங்குகளைப் போட்டோம். பி.டி. என்று தொடங்குபவை டிரைவின் செட்டிங் எண்கள். முதலில் பி.டி.013-இல் 8 போட்டுத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்தோம். பிறகு பி.டி.005, அதிகபட்ச அதிர்வெண், 400. அதன் பிறகு பி.டி.004, அடிப்படை அதிர்வெண், 400. முதலில் 005-ஐ உயர்த்தாவிட்டால் மற்றவை 400-ஐ ஏற்காமல் அடம்பிடிக்கும். பி.டி.008-இல் 220 வோல்ட். கீழ் எல்லையான பி.டி.011-இல் 120 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே இந்த ஸ்பிண்டிலுக்கு வெட்டும் பலம் போதாது. பி.டி.142-இல் மோட்டார் கரண்ட்: அதை ஸ்பிண்டிலின் மேல் பொறித்திருக்கும் பிளேட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும், வேறு யாருடைய எண்ணையும் நகலெடுக்கக் கூடாது. பி.டி.143-இல் 2 போல். பி.டி.144-இல் 3000, இது 50 ஹெர்ட்ஸுக்கான சுற்று, இதை வைத்துத்தான் திரையில் வேகம் சரியாகத் தெரியும். வேகம் ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைத் தாராளமாகவே வைத்திருக்கிறோம். பிரேக் ரெசிஸ்டர் இல்லாமல் இறங்கும் நேரத்தைக் குறைத்தால், சுற்றும் ரோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளி டிரைவ் ஓவர்வோல்ட்டேஜ் காட்டி நின்றுவிடும். இந்த எண்கள் எல்லாவற்றையும் பாலிடெக்னிக் மாணவியான நம் இளைய உறுப்பினர் தமிழில் அட்டையாக எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். மிக நேர்த்தியான வேலை.

யு, வி, டபிள்யூ முனைகளிலிருந்து ஸ்பிண்டிலுக்குப் போவது நாலு கோர் ஷீல்டு கேபிள், அதாவது மின் இரைச்சலை அடக்க உலோக உறை போர்த்திய கேபிள். ஷீல்டை முறுக்கி ஒற்றை வயராக்கி ஸ்க்ரூவில் கட்டாமல், பேனல் தகட்டில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, கேபிளைச் சுற்றிலும் பிடிக்கும் உலோகக் கிளாம்பில் இறுக்கியிருக்கிறோம். இந்தக் கேபிளின் நடுவில் ஸ்விட்சோ, காந்தத்தால் இயங்கும் ஸ்விட்சான காண்டாக்டரோ எதுவும் கிடையாது. ஓடும்போது அந்த இடத்தில் இணைப்பு விட்டால் டிரைவின் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் தாங்காது. மெயின் காண்டாக்டர் டிரைவுக்கு முன்னால் இருக்கிறது. ஸ்பிண்டிலை நிறுத்தவும் ஓட்டவும் அதைப் பயன்படுத்த வேண்டாம், அது அவசரத்துக்கு மட்டும்.

ஓட்டுவதும் நிறுத்துவதும் டிரைவின் எஃப்.ஓ.ஆர்., டி.சி.எம். முனைகள் வழியாக நடக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஓடும், பிரிந்தால் நிற்கும். அந்தக் கோட்டில் தொடராக எமர்ஜென்சி ஸ்டாப்பின் ஒரு காண்டாக்டையும் தண்ணீர் ஓடுவதை உணரும் ஃப்ளோ ஸ்விட்சையும் சேர்த்திருக்கிறோம். பம்ப் போட மறந்தால் ஸ்பிண்டில் கிளம்பாது. வேகத்துக்கு 0 முதல் 10 வோல்ட். மெஷினை நடத்தும் கிரபல் போர்டு 5 வோல்ட் பல்ஸாகத்தான் தரும். அதை, சைகையை ஒளி வழியே கடத்தும் ஆப்டோகப்ளர் உள்ள சின்ன மாட்யூல் 10 வோல்ட்டாக மாற்றி வி.ஐ., ஏ.சி.எம். முனைகளுக்குக் கொடுக்கிறது. இதற்காக பி.டி.001, பி.டி.002 இரண்டிலும் 1, பி.டி.070-இல் 0, பி.டி.072-இல் 400. டிரைவ் போர்டில் இருக்கும் ஜம்பரையும் முன்பக்கக் குமிழிலிருந்து வி.ஐ. பக்கம் மாற்ற வேண்டும். கிரபலில் அதிகபட்ச ஸ்பிண்டில் வேகம் 24000 என்று வைத்தாயிற்று. ஸ்பிண்டிலை 24,000 சுற்றில் ஓட்டச் சொல்லும் எம்3 எஸ்24000 கட்டளையைக் கொடுத்து, மாட்யூலின் சின்னத் திருகைத் திருப்பி மீட்டரில் சரியாக 10 வோல்ட் காட்டும்படி செய்தோம். அப்புறம் எஸ்12000 கொடுத்தால் 5 வோல்ட், டிரைவ் திரையில் 200 ஹெர்ட்ஸ். அந்த நிமிடம் கொட்டகையில் எழுந்த கைதட்டலைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லித் தலைவர் அவர்களே கேட்டுக்கொண்டார்.

முதல் ஓட்டம் பிட் இல்லாமல், காலெட் நட்டும் இல்லாமல், குறைந்த வேகத்தில் நடந்தது. சுழலும் திசை தலைகீழாக இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, யு, வி, டபிள்யூவில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும், அப்படியே செய்தோம். ஆனால் நிறுத்தியவுடன் கை வைக்கக் கூடாது. டிரைவின் உள்ளே கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் டி.சி. தங்கியிருக்கும். விளக்கு அணைந்து, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஸ்க்ரூ டிரைவர். இது பட்டறை விதியாகவே எழுதப்பட்டுள்ளது.

இந்த ஆண்டின் உண்மையான தலைவலி இதற்கு அப்புறம்தான் வந்தது. ஸ்பிண்டில் ஓடும்போது, யாரும் எதையும் தொடாமலே, நகர்வின் எல்லையை உணரும் லிமிட் ஸ்விட்ச் அடித்ததாக மெஷின் நின்றது. சில நேரம் யு.எஸ்.பி. இணைப்பே அறுந்தது. டிரைவ் கெட்டது, திருப்பிக் கொடுங்கள் என்றார்கள் சிலர். டிரைவ் தன் வேலையைத்தான் செய்தது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை நூற்றுக்கணக்கான வோல்ட்டை வெட்டி வெட்டித் தரும் கருவி அது, அதன் மின் இரைச்சல் பக்கத்து வயர்களில் ஏறத்தான் செய்யும். லிமிட் ஸ்விட்ச் வயர்கள் ஸ்பிண்டில் கேபிளோடு ஒரே கேபிள் செயினில் ஒட்டிக்கொண்டு போயின. அவற்றைப் பிரித்து வேறு பாதையில் கொண்டுபோனோம். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க வைத்தோம். லிமிட் வயர்களை ஷீல்டு கேபிளாக மாற்றி, அந்த ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தோம். போர்டின் உள்ளீட்டில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள், யு.எஸ்.பி. கேபிளில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் உதவியது. பாதையைப் பிரித்ததுதான் பெரிய பலன் தந்தது.

எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விஷயத்தையும் பொதுக்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். டிரைவைப் போட்டதும் கொட்டகையின் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவ்வப்போது விழுந்தது. டிரைவின் ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்கள் வழியே எப்போதும் கொஞ்சம் எர்த்துக்குக் கசியும், மற்றக் கருவிகளின் கசிவும் சேர்ந்தால் எல்லை தாண்டும். ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நிர்வாகக் குழு அதை ஏகமனதாக நிராகரித்தது. நாங்கள் இருக்கும் வரை அது நடக்காது. டிரைவின் தனி லைனுக்குத் தனி ஆர்.சி.சி.பி. வைத்தோம். அதையும் டிரைவுக்கு ஏற்ற வகை பார்த்து வாங்கினோம், டி.சி. கலந்த கசிவை வழக்கமான ஏ.சி. வகை சரியாக உணராது என்பதால். விலை கூடுதல்தான். பொருளாளர் முகம் சுளிக்காமல் கையெழுத்திட்டார், அவருக்கு நன்றி.

இப்போது ரவுட்டர் நன்றாக ஓடுகிறது. தேக்கில் கோலம் செதுக்குகிறார்கள், அலுமினியத் தகட்டில் பேனல் வெட்டுகிறார்கள். அலுமினியத் தூள் மின்சாரம் கடத்தும் என்பதால் டிரைவ் பேனலின் ஃபேன் வாயிலுக்கு ஃபில்ட்டர் போட்டிருக்கிறோம். அதை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யும் பொறுப்புக்கு இன்னும் ஆள் வரவில்லை. இன்றைய கூட்டத்திலேயே ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழு முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். எர்த் பிட்டை ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் அளந்து பதிவேட்டில் எழுத ஒப்புதல் வேண்டும், மண் காயும் காலத்தில்தான் உண்மை நிலை தெரியும். டிரைவ் வயரிங் வகுப்பில் கலந்துகொண்டவர்கள் மட்டுமே பேனலைத் திறக்கலாம் என்ற விதிக்கு ஒப்புதல் வேண்டும். மூன்றாவது, ஆர்.எஸ்.485 என்ற தகவல் இணைப்பு வழியாக டிரைவை நேரடியாகக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் முயற்சிக்கு ஒரு சிறு தொகை. இந்த வரிசை டிரைவ் கருவிகள் பேசிக்கொள்ளும் வழக்கமான மோட்பஸ் முறையைச் சரியாகப் பின்பற்றுவதில்லை. மெஷினை ஓட்டும் லினக்ஸ்.சி.என்.சி. மென்பொருளில் இதற்கென்றே ஒரு நிரல் இருக்கிறது, அதை வைத்துத் தொடங்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நான் அவர்களை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

இந்த அறிக்கையை ஏற்று, மேற்கண்ட கோரிக்கைகள் மீது விவாதித்து முடிவெடுக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்