பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை புள்ளி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் அம்மாவை யாங்கோன் அனோயத்தா சாலைக் காளியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போகக் கிளம்பினேன். கைபேசி வரைபடத்தில் பஸ் நிறுத்தத்தின் புள்ளி நடுச்சாலையில் இருந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் எதிர்ப்பக்கத்தில் நின்றுவிட்டோம். மேம்பாலப் படியேறி இந்தப் பக்கம் வருவதற்குள் வண்டி போய்விட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தார்.

பிறகு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து பார்த்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம் அது. சாலையோரம் ஒரே புள்ளி வைப்பதுதான் அங்கே பழைய வழக்கம். 2011இல் புது முறை ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது: வண்டி நிற்கும் இடம் ஒன்று, பயணி நிற்கும் இடம் வேறொன்று. ஆனால் பழைய முறையும் விலகவில்லை. ஒருவர் அப்படிக் குறிக்கிறார், இன்னொருவர் இப்படி. குறிப்பவர்கள் கூலி வாங்காமல் உழைக்கும் நல்ல மனிதர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் கட்சி பயணி நிற்கும் இடம். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005இல் தொடங்கிய, பஸ் நேரத்தையும் நிறுத்தங்களையும் கணினிக்குத் தரும் ஜி.டி.எஃப்.எஸ். என்ற தரவு முறையில் நிறுத்தம் என்றால் பயணி ஏறி இறங்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண், பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை. சாலையின் இரு பக்கத்துக்கும் இரண்டு எண். இப்படிக் குறித்திருந்தால் அம்மா அந்தப் படிகளை ஏறியிருக்க வேண்டாம்.

ஒத்துப்போகாததன் விலை இந்த மியான்மர் நாட்டுக்குத் தெரியாததா? ஸௌஜி, யூனிகோடு என்று பர்மிய எழுத்துக்கே இரண்டு குறியீட்டு முறைகளை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் தவித்தோம்! ஒன்றில் அடித்த பெயர் மற்றதில் தேடினால் கிடைக்காது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழை யூனிகோடில் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுதான் என்று அரசு முடிவெடுத்தது. எழுத்துக்கு முடிந்தது நிறுத்தத்துக்கு முடியாதா?

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகையில் ஷ்வே பொந்தா தெரு. நம் பெரியவர்கள் வாயில் இன்னும் மொகல் தெரு. அனோயத்தா சாலை அவர்களுக்குப் பிரேசர் தெரு. 2017 ஜனவரியில் ஒய்.பி.எஸ். என்ற யாங்கோன் பஸ் சேவை வந்து பஸ் எண்களெல்லாம் மாறின; பெயரும் ஒருநாள் மாறலாம். ஆகவே நிறுத்தத்தை அடையாளம் காட்டுவது அதன் எண்ணாக இருக்கட்டும். பர்மியப் பெயர், தமிழ்ப் பெயர், பழைய பெயர் எல்லாம் அதன்கீழ் தனித்தனியாக ஏறட்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. நாம்தான் நிரப்பவில்லை.

உங்கள் இதழில் ஒரு பத்தி ஒதுக்குங்கள், ஐயா. வாசகர்கள் தங்கள் பக்கத்து நிறுத்தத்தை வீட்டில் என்ன பெயரால் அழைக்கிறார்கள், அது சாலையின் எந்தப் பக்கம், எதிரே என்ன கடை என்று எழுதி அனுப்பட்டும். தட்டச்சு செய்து வரைபடத்தில் ஏற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தாம்வே, யாங்கோன்.