கம்பக் கணக்கு: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 21 தேசிய மக்கள் தொடர்பு தினம். அதையொட்டி நம் தொழில் சங்கக் கிளை நடத்திய விழாவில், சிறந்த மக்கள் தொடர்பாளர் என்று என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். ஏற்புரைக்கு மூன்று நிமிடம். அதில் இரண்டு நிமிடம் 'அவர்களே, அவர்களே' என்று விளிப்பதிலேயே போய்விட்டது. மிச்சத்தை இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

"உனக்கு எதுக்குப்பா விருது?" என்று எங்கள் தெருவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பி.ஆர்.ஓ. என்றால் பெரியவர்கள் வரும்போது சால்வையோடு நிற்பவர், குரூப் போட்டோவில் ஓரத்தில் பாதி முகம் தெரிபவர் என்பது ஊர்க் கணக்கு. தேர்வுக் குழு அதிகம் பேசியது, கஜா புயலுக்குப் பிறகான சில வாரங்களைப் பற்றி.

2018 நவம்பர் 15 நள்ளிரவு தாண்டி, 16 அதிகாலைக்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது கஜா. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்துக் கிடந்தன. டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. பல ஊர்களில் போன் டவரும் செத்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடாது. ஜனங்கள் கேட்டது ஒரே கேள்வி: "கரண்ட் எப்ப வரும்?"

அதற்குப் பதில் சொல்வது என் வேலை. மூன்றாம் நாள் நான் செய்த காரியத்தை மேடையில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். களத்தில் யாரையும் கேட்காமல், நல்ல வார்த்தை சொன்னால் மனசு ஆறுமே என்று, "இரண்டு நாளில் மின்சாரம் வந்துவிடும்" என்று செய்திக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வரவில்லை. ஆறாம் நாள் சாலை மறியல். சமாதானம் பேசப் போன இடத்தில் ஒரு பெரியம்மா, அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்து இடுப்பில் செருகி வைத்திருந்தவர், என்னிடம் நீட்டினார். "ஏன் தம்பி, இதுல தேதி போட்டது நீதானா?" திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பெரியம்மாவுக்கு என் முதல் நன்றி.

அடுத்தது, அன்று மாலை துணை மின் நிலைய வாசலில் சேறு காய்ந்த காலோடு உட்கார்ந்திருந்த உதவிப் பொறியாளருக்கு, அதாவது ஏ.ஈ.க்கு. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். "சார், இனிமே தேதி போடாதீங்க. இன்னைக்கு எந்த ஊர்ல எத்தனை கம்பம் நட்டோம், எந்த லைன்ல வேலை நடக்குதுன்னு மட்டும் போடுங்க. அதை ஜனங்க நேர்ல போய் எண்ணிப் பார்த்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான். என் விருதுக்கான மொத்த யோசனையும் இந்த இரண்டு வரிதான், இது என்னுடையது அல்ல. மறுநாளிலிருந்து தினமும் மாலை ஊர்வாரியாகக் கம்பக் கணக்கு கொடுத்தோம். எங்கள் ஊருக்கு ஏன் இன்னும் பூஜ்யம் என்று சண்டைக்கு வந்தார்கள். வந்தவர்களிடம் காரணம் சொல்ல முடிந்தது. எண்ணிக்கை தவறு என்று மட்டும் ஒருவரும் வரவில்லை.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958-இல் தொடங்கியது. 1968 ஏப்ரல் 21-இல் டெல்லியில் நடந்த முதல் அகில இந்திய மாநாட்டில், ஏதென்ஸ் நெறிமுறை என்று 1965-இல் உலக அளவில் வகுக்கப்பட்டதை நம் தொழிலுக்கும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாளைத்தான் தேசிய தினமாகக் கொண்டாடுகிறோம். உறுதி செய்யப்படாத தகவலைப் பரப்பக் கூடாது என்று அந்த நெறிமுறையில் ஒரு விதி இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அதை நானே வகுப்பெடுத்திருக்கிறேன். மனப்பாடமாகத் தெரிந்த விதியைச் சேற்றுக்கால் ஏ.ஈ. ஒருவர் வந்து புரியவைக்க வேண்டியிருந்தது.

வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த லைன்மேன்களுக்கு நன்றி. லாரி போகாத வயல்களில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனவர்கள் நீங்கள். அந்தக் களைப்போடு, ராத்திரி நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டபோது எரிந்து விழாமல் எண்ணிச் சொன்னீர்கள். ஒருநாள் ஒருவர், "பதினேழு சொன்னேன், ஒண்ணு சரியா நிக்கல, பதினாறுன்னு போடுங்க" என்று தேடிவந்து திருத்தினார். அவரை நினைத்தால் இன்றைக்கும் சிலிர்க்கிறது.

மைக் கட்டிய ஆட்டோவில் ஊர் ஊராக அந்தக் கணக்கைப் படித்த அண்ணன், டீசலுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஜெனரேட்டரில் ஓடிய ஜெராக்ஸ் கடைக்காரர், கடைவாசலில் போன் சார்ஜ் போட நின்ற கூட்டத்தை விலக்கி எங்கள் தாளுக்கு முதலிடம் கொடுத்தார். தாலுகா நிருபர்களுக்குத் தனியாகக் கும்பிட வேண்டும். என் பழைய செய்திக் குறிப்பு பொய்த்ததைப் பெரிதாகப் போட்டுக் கிழித்தவர்களும் நீங்கள்தான், பிறகு தினமும் நாலு வரி கம்பக் கணக்குக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர்களும் நீங்கள்தான். இரண்டுக்கும் நன்றி.

விண்ணப்பம் போட்டது நானல்ல. அலுவலகத்தில் எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த தம்பி, எனக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறார். பொதுவாக விருது விண்ணப்பங்களில் எத்தனை செய்தி வந்தது என்று கேட்பார்கள், எத்தனை முறை தப்புச் செய்து திருத்தினாய் என்று கேட்க மாட்டார்கள். தம்பி அதையும் ஒரு தாளில் எழுதி இணைத்திருக்கிறார். ஆதாரத்துக்குக் கட்டிங் வேண்டுமே? பிரிவில் இருந்த அக்கா, மைதா பசை காய்ச்சி ஒட்டி வைத்த பழைய ஃபைலை, ஓய்வு பெறும்போது பத்திரமாக ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். என் தப்பான செய்தியும் அதில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அக்கா வேண்டுமென்றே ஒட்டியிருப்பார் என்பது என் சந்தேகம்.

அந்த மூன்று வாரமும் ஓடு பறந்துபோன வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டி, கிணற்றில் வாளி போட்டுத் தண்ணீர் இறைத்து, என்னை ஒரு கேள்வி கேட்காமல் விட்ட என் வீட்டம்மாவுக்கு இங்கே எழுதினால் போதாது. அதை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

பெயர் போடாதே என்று பாதிப் பேர் சொன்னீர்கள், அதனால் ஒருவர் பெயரும் போடவில்லை. கேடயம் இப்போது டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் பட்டுக்கோட்டைப் பக்கம் வரும்போது எடுத்து வருகிறேன். ஆளுக்கு ஒருநாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பி.ஆர்.ஓ.