அந்த விண்வெளிக் கதைகளை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். யாரும் இரவல் வாங்குவதில்லை, அறிவியலும் பழசாகிவிட்டது என்று சொல்லி, பழைய விண்வெளிக் கதை நூல்களைக் கழிக்க முடிவு செய்திருக்கிறீர்கள். போன சனிக்கிழமை அக்கா மகளை அழைத்துக்கொண்டு வந்தேன். சிறு வயதில் நான் படித்த விண்வெளிக் கதைகளைக் காட்டுவதாக ஒரு வாரமாகச் சொல்லிவைத்திருந்தேன். அந்த அடுக்கு காலியாக இருந்தது. புத்தகங்கள் பின்னறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, எடைக்குப் போகப்போகின்றன என்றார் பணியாளர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. உங்கள்மேல் இருக்கிறது.

பல வருடமாக யாரும் இரவல் வாங்கவில்லை என்பது நீங்கள் சொல்லும் முதல் காரணம். எனக்கு அப்போது உறுப்பினர் அட்டை கிடையாது. ஜூல் வெர்ன் 1865இல் எழுதிய நிலவுப் பயணக் கதையை இரண்டு அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து நான்கு சனிக்கிழமைகளில் படித்தேன். மூடும் நேரம் வந்ததும் பக்க எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடுவேன். பீரங்கிக் குண்டுக்குள் மூன்று பேர் போகிறார்கள். திரும்பினார்களா என்று சொல்லாமலே கதை முடிந்துவிடும். அடுத்த பாகத்தை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். அது வரும்வரை அந்த மூவரையும் நினைத்துத் தூக்கம் கெட்டது. அப்புறம் அதையும் அதே தரையில்தான் படித்தேன். இரண்டு புத்தகத்தின் தேதிச் சீட்டிலும் எனக்காக ஒரு முத்திரைகூட விழவில்லை. உங்கள் கணக்கில் நான் அவற்றைப் படிக்கவே இல்லை. இப்படி எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பதை எந்தப் பதிவேட்டில் பார்த்தீர்கள்?

கட்டுகளைப் பிரித்து அந்த நூல்களை மறுபடி அடுக்கில் வையுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

அறிவியல் பழசாகிவிட்டது என்பது இரண்டாவது காரணம். சரி, பழசுதான். ஐசக் அசிமோவ் 1954இல் வெள்ளிக் கோளைக் கடல் சூழ்ந்த உலகமாக வைத்துச் சிறுவர்களுக்கு ஒரு நாவல் எழுதினார். 1962இல் மரினர் 2 விண்கலம் அந்தப் பக்கம் போனபோது, கடல் இருக்கவே முடியாத அளவுக்கு அங்கே கொதிக்கிறது என்று தெரிந்தது. அவர் நாவலைத் தூக்கி எறியவில்லை. பின்னால் வந்த பதிப்பில், என்ன மாறியது என்று ஒரு முன்னுரை எழுதிச் சேர்த்தார். நீங்களும் ஒரு தாளில் அச்சிட்டு ஒட்டலாமே? எச்.ஜி. வெல்ஸின் நாவலில் பூமியைத் தாக்கும் செவ்வாய்வாசிகளும் பொய்தான். ஆனால் 1898இல் அந்தக் கதையைப் படித்த ராபர்ட் கோடார்டு என்ற பையன்தான் 1926இல் திரவ எரிபொருளில் முதல் ராக்கெட்டைப் பறக்கவிட்டார்.

தேர்வுக்கு உதவாத எதையும் பிள்ளைகள் கையில் இருந்து பிடுங்குவதே எங்கும் வழக்கமாகிவிட்டது. வீட்டில் பிடுங்குகிறோம், பள்ளியில் பிடுங்குகிறார்கள். நூலகமும் பிடுங்கினால் அவர்கள் எங்கேதான் போவார்கள்? மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது.

தயவுசெய்து அந்தக் கட்டுகளை எடைக்குப் போடாதீர்கள், அடுக்கில் வையுங்கள். முதுகு கிழிந்தவற்றை ஒட்டித் தைக்க ஆள் இல்லையென்றால் நானே வந்து செய்கிறேன். வரும் சனிக்கிழமை அக்கா மகளோடு மறுபடி வருகிறேன். அவளிடமும் இன்னும் அட்டை இல்லை.

இப்படிக்கு,
தரையில் உட்கார்ந்து படித்த ஒரு வாசகன்