வாளித் தோட்டக்காரிக்கு

செட்டிபாளையம், மட்டக்களப்பு,
வைகாசி, கண்ணகி அம்மன் குளிர்த்தி முடிந்த மூன்றாம் நாள்

அன்பு மகள்,

படங்கள் பதினொன்றும் வந்தன. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 14 வாளி, மூன்றாவதில் இரண்டு இலை விட்ட பயற்றை. கடைசி வாளியில் இருப்பது வெண்டியா புளிச்சையா என்று பக்கத்து வீட்டு மச்சானோடு பிடித்த வாதம் இன்னும் முடியவில்லை. பால்கனிக் கதவடியில் ஒரு சோடிச் செருப்பு கிடந்தது. போன வருடப் படங்களில் இரண்டு சோடி கிடக்கும். சரி, கூட்டும்போது எடுத்து வைத்திருப்பாய்.

வேலையை விட்டுவிட்டு, இருக்கிற இடத்திலேயே தன்னிறைவாக வாழப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஏன் என்று எழுதவில்லை. மூன்று கிழமையாகப் போன் கோலும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, வாளியைப் பற்றியே எழுதுகிறேன்.

அடியில் நாலைந்து ஓட்டை போட்டாயா? தண்ணி தேங்கினால் வேர் அழுகிப் போகும். ஈரமண் நிறைந்த 20 லீற்றர் வாளி 25 கிலோவுக்குக் குறையாது, அதனால் எல்லாவற்றையும் ஒரே மூலையில் குவிக்காதே. பதினோராம் மாடிக் காற்றுக்குக் கொடியை இப்போதே கட்டு. கடைப் பைக்கற்றில் கலப்பின விதை என்று போட்டிருந்தால் அதிலிருந்து விதை எடுத்து வைத்துப் பயனில்லை, அடுத்த முறை தாயைப் போல வராது. நாட்டு விதையாகத் தேடு. கீரை போட்டால் ஒரு மாதத்தில் கறி. அரிசி மட்டும் வாளியில் வராது. ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 100 கிலோவுக்கு மேல் போகும். கணக்குப் பார். வேலையை விடாதே.

தண்ணி விஷயத்தில் இங்கே நமக்கு எதிர்ப் பிரச்சினை. கடலோர மணல், காலையில் ஊற்றுவதை மத்தியானத்துக்குள் குடித்துவிட்டு ஊற்றாதது போலக் கிடக்கும். அம்மா கத்தரிக்குக் கீழே கால்வாய் வெட்டி, தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதன் மேல் சருகும் எருவும் போட்டாளே, உனக்கு ஞாபகம் இருக்கும். மட்டை தண்ணியைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே தும்புத்தூள் கட்டி விற்பார்கள், வாங்கி ஊறவைத்து மண்ணோடு கல. நம் நாட்டிலிருந்து போன கட்டியாகவும் இருக்கலாம்.

உன்னை நினைத்தால் பெருமைதான். ஆட்கள் ஓயாமல் ஏறி இறங்குகிற மாடிக் கட்டடத்தில் பயற்றை நடுகிற துணிச்சல் யாருக்கு வரும்? ஆனால் அப்பாவிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். 2021-இல் ஒரு வர்த்தமானியோடு இரசாயன உரம் நின்றபோது வெல்லாவெளி வயல் வட்டையில் நம் வேளாண்மை பாதிதான் கண்டது. கார்த்திகையில் தடையை எடுத்தார்கள், பயிர் காத்திருக்குமா? மண்ணைப் பழக்காமல் ஒரே நாளில் மாறினால் அதுதான் கதி. வேலையை விடாதே என்பது அதற்குத்தான். சம்பளம் வரும்போதே வாளியைப் பழக்கு.

அதற்கு அடுத்த வருடம் சமையல் காஸ் இல்லாமல் ஊரே வரிசையில் நின்றது. நம் அடுப்பு தென்னம்பாளையில் எரிந்தது. "உப்பும் மண்ணெண்ணெயும் தவிர எங்கள் வளவில் எல்லாம் இருக்கு" என்று அப்போதும் சொல்லித் திரிந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலம் தொட்டுச் சொல்கிற வசனம். உன் கடிதத்திலும் அதை அப்படியே எழுதியிருக்கிறாய், அப்பா சொன்னது என்று.

அது பொய் மகள்.

நான் வாசிகசாலையில் தன்னிறைவு பேசிக்கொண்டிருந்த நேரம் அம்மா கிணற்றடியில் நின்றாள். விடிய நாலு மணிக்கு ஒருமுறை, பொழுதுபட ஒருமுறை. உன் ஏ.எல். பரீட்சை டியூஷன் காசு கத்தரிக்காயில் வந்தது என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் போன பிறகு, சாம்பலில் பிரட்டிப் பயற்றை விதை போட்டு வைத்த ஹோர்லிக்ஸ் போத்தலைக் கவிழ்த்தேன். விதையோடு சேர்ந்து சுருட்டிய அடகுத் துண்டு விழுந்தது. காப்பு இரண்டு. தவணை எப்போதோ கடந்து, நகை ஏலத்தில் போயிருந்தது.

அவள் சொல்லவில்லை. வெறுங்கையை நான் பார்த்தேன். மண் வேலைக்குக் கழற்றி வைத்திருப்பாள் என்று நினைத்தேன். அத்தனை வருடமும் அப்படியே நினைத்தேன்.

அதனால் இந்த முறை கேட்டுவிடுகிறேன். மற்றச் செருப்பு எங்கே மகள்? மருமகன் எங்கே?

சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாதே. ஆனால் வாளிக்குத் தண்ணி தூக்குவது நீ மட்டும்தானா என்றாவது சொல்லு. இந்த வளவு அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தது, இப்போது உன் பெயரில் கிடக்கிறது. நான் இதில் குந்தியிருக்கிறவன்தான். வீட்டுத் திறப்பு வழக்கமான இடத்தில்.

அங்கே பகல் என்றால் இங்கே நடுச்சாமம், எனக்கு அது ஒரு பிரச்சினை இல்லை. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அந்தக் கடைசி வாளி வெண்டியா புளிச்சையா என்பதையும் சொல்லு, மச்சான் நாளைக்கு வருவான்.

அப்பா